கரும்பிருக்க இரும்பு கடித்தவர்

"பழையதை மறந்துவிடுங்கள், ஆண்டவன் எப்போதோ மன்னித்துவிட்டான்" என்று நல்லெண்ணத்தோடு ஆறுதல் சொல்பவர்களிடம் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. தவறை மறப்பதும் தவறின் பிடியிலிருந்து வெளியே வருவதும் வேறு வேறு என்பதை நான் திருநாவுக்கரசரிடம்தான் கற்றேன்.

கதை பலருக்கும் தெரிந்ததே. திருவாமூரில் பெற்றோரை இழந்தவர் மருணீக்கியார்; அதுதான் நாவுக்கரசரின் இளமைப் பெயர். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிர்விடத் துணிந்தும், தம்பிக்காகவே உயிர் தாங்கியவர் திலகவதியார். அந்த அக்காவை விட்டுப் போய்த்தான் தம்பி சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்தார். சமயம் மாறியதை அவர் பெருங்குற்றமாகக் கருதினார். நான் அப்படிக் கருதவில்லை. சீவக சிந்தாமணியைத் தந்த சமணத்துக்குத் தமிழ் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆண்டுக்கொரு நாள் ஒருவரையொருவர் பார்த்து 'மிச்சாமி துக்கடம்' என்று, தாம் செய்த தீங்குக்கு மன்னிப்புக் கேட்கும் அழகிய வழக்கமும் அவர்களுடையதே. என்னை உறுத்துவது அந்த அக்காவின் தனிமை மட்டும்தான்.

சூலை என்னும் வயிற்று நோய் முறுக்கியபோது தம்பி ஆள் அனுப்பினார். அக்கா அங்கே வர மறுத்துவிட்டார். இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தவரிடம் நீண்ட விசாரணை எதுவும் இல்லை. அறியாமல் குழியில் விழுந்து துயருற்றீர், 'எழுந்திரீர்' என்கிறார், திருநீறு தருகிறார், விடியுமுன் தாம் வழக்கமாகக் கோயில் பெருக்க எடுத்துச் செல்லும் திருவலகோடு அவரையும் அழைத்துப் போகிறார். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' பதிகம் பிறக்கிறது, நோய் தீர்கிறது.

கதை சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே மங்களம் பாடிவிடுகிறார்கள். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் அப்படி விடுவதில்லை. ஏழு நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், கிடந்து வாடாமல் வந்தவர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் கரையேறியவர், அதற்கெல்லாம் பிறகு பெண்ணாகடத்துத் தூங்கானைமாடக் கோயிலில் நின்று, பழைய நெறியில் தொடக்குண்ட இந்த உடலோடு உயிர்வாழத் தரியேன் என்று கலங்கி, சூலக்குறியும் இடபக்குறியும் தம் மேல் பொறிக்கும்படி வேண்டுகிறார். நோய் போய் எவ்வளவோ நாளாகியும் கூச்சம் போகவில்லை.

அதே மனிதர் பின்னர் தில்லையில் 'மனித்தப் பிறவியும் வேண்டுவதே இந்த மாநிலத்தே' என்று பாடுகிறார். திருவாரூரிலோ தம் பழைய நாள்களைப் பழமொழிகளாலேயே நையாண்டி செய்துகொள்கிறார்: கனியிருக்கக் காய் கவர்ந்தேன், விளக்கிருக்க மின்மினித் தீயில் குளிர் காய்ந்தேன், கரும்பிருக்க இரும்பைக் கடித்து இளைத்தேன் என்று. பதிகத்தில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து தன் முட்டாள்தனத்தைத் தானே சொல்லிக் காட்டும் ஒரு முதியவரின் குரலே எனக்கு அதில் கேட்கிறது. தூங்கானைமாடத்தில் மறைக்க நினைத்த தழும்பை ஆரூரில் ஊரறியக் காட்டுகிறார். இடையில் நடந்தது என்ன என்று கேட்டால், கையில் இருந்த உழவாரத்தைத்தான் காட்டுவேன். ஊர் ஊராக நடந்து, கோயில் முற்றங்களில் புல் செதுக்கியே அவர் அந்தத் தொலைவைக் கடந்திருக்கிறார்.

எனக்கும் ஓர் அக்கா உண்டு. அத்தான் இறந்த ஆண்டு, கடன் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் நான் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பயம் வெட்கமாக மாறி, அந்த வெட்கத்திலேயே மேலும் ஆறு ஆண்டுகள் போயின. கோயில்களில் அழுது மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு எளிதாக இருந்தது, ஏனென்றால் அங்கே அக்கா இல்லை. மாதம் ஒரு ஞாயிறு உழவாரப் பணிக் குழுவோடு நெருஞ்சி பிடுங்கப் போகத் தொடங்கி ஓராண்டு ஆன பிறகுதான் பேருந்து ஏறும் துணிவு வந்தது.

போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். பயணம் முழுவதும் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதைத் தொடங்கினேன். "அதெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்தக் குடத்தை எடு, தண்ணி நின்னுடும்" என்றார்.