எட்டடி வண்டல்

நோவாவின் பேழை இந்த வாரமும் கிடைத்துவிட்டது. பெருவெள்ளத்தில் உயிர்களைக் காத்ததாக வேதாகமம் (பைபிள்) சொல்லும் அதே படகு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பியிருந்தார். துருக்கியில், அரராத் மலைக்குத் தெற்கே படகு வடிவில் கிடக்கும் அதே மேடுதான். 1959-ல் வான்வழிப் படத்தில் தென்பட்டது முதல் அதைப் பேழை என்கிறார்கள். அது இயற்கையாக உருவான மேடு என்று புவியியலாளர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். வேதாகமமே ‘அரராத் மலைகள்’ என்று பன்மையில்தான் சொல்கிறது. இவர்களோ ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

எனக்குப் பேழையைவிட ஒரு குழியின் கதைதான் பிடிக்கும். தெற்கு ஈராக்கில் ஊர் என்றொரு பழைய நகரம். (ஆம், பெயரே ஊர்தான். அதை வைத்துப் புதிய ஆராய்ச்சி எதுவும் தொடங்கிவிடாதீர்கள்.) 1928-29 அகழாய்வில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் லியனார்ட் வூலி அங்கே ஆழமாக ஒரு குழி தோண்டினார். பானை ஓடும் குப்பையுமாக வந்துகொண்டிருந்த மண், ஓரிடத்தில் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாகிவிட்டது. கன்னி மண் (மனிதர் வாழ்ந்த தடமே இல்லாத அடிமண்) வந்துவிட்டது என்றார் தோண்டிய தொழிலாளி. வூலி மட்டம் அளந்து பார்த்தார். கன்னி மண் இவ்வளவு மேலே இருக்க வழியில்லை என்று அவர் கணக்கு சொன்னது. தோண்டச் சொன்னார். எட்டடிக்கு வெறும் வண்டல். அதற்கும் கீழே மறுபடி கல் கருவிகள், வண்ணம் தீட்டிய பானை ஓடுகள்! உதவியாளர்கள் இருவரை அழைத்துக் கேட்டார். அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பக்கமாக வந்த அவர் மனைவி கேதரின் எட்டிப் பார்த்துவிட்டு, இது அந்தப் பெருவெள்ளம்தானே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஊர் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அல்-உபைத் மேட்டில் அப்படி ஓர் அடுக்கே இல்லை. கீஷ், ஷுருப்பக் நகரங்களில் வெள்ள அடுக்குகள் உண்டு. ஆனால் அவை ஊர் நகரத்து வண்டலுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. மலைப்பனி உருகினால் யூப்ரடீசும் டைகிரிசும் கரைபுரளும் சமவெளி அது. எத்தனையோ வெள்ளம் வந்து போயிருக்கும். உலகமே மூழ்கியது என்று வூலியும் சொல்லவில்லை. அந்த ஆற்றுச் சமவெளி மூழ்கியது என்றுதான் சொன்னார். வண்டலுக்கு வயது உண்டு. அதில் யார் பெயரும் எழுதியிருக்காது.

பெயரோடு கிடைத்த பொருள் ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் அனுப்புவதில்லை. 1872-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் படித்தறிந்த களிமண் பலகை, பழைய மெசபடோமியக் கதையான கில்கமெஷ் காவியத்தின் பதினொன்றாம் பலகை. பழைய அசீரிய நகரமான நினிவேயிலிருந்து வந்தது. அதில் உத்னபிஷ்டிம் என்பவர் பெருவெள்ளத்துக்குத் தப்பப் படகு கட்டுகிறார், படகு மலையில் தட்டி நிற்கிறது. வெள்ளம் வடிந்ததா என்று பார்க்க, நோவாவைப் போலவே பறவைகளை அனுப்புகிறார். புறாவை விடுகிறார், திரும்பி வருகிறது. தகைவிலானை விடுகிறார், அதுவும் திரும்பி வருகிறது. காகத்தை விடுகிறார், வரவில்லை. படித்த பரவசத்தில் ஸ்மித் அறைக்குள் ஓடியாடிச் சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டாராம். கட்டையையும் கல்லையும் தேடி மலையேறுகிறவர்களுக்கு இந்தக் காகம் போதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சித்தப்பாவுக்கு அந்தப் பலகையின் படத்தை அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போல. பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: “இதில் படகு எங்கே இருக்கிறது?”