எட்டுல நாலு கம்பி போச்சுங்க

ஏனுங்க, திருப்பூர்ல பனியன் ஆபீஸ்ல சர்வர் பாக்கறதும் ஒரு பொழப்பா? டிசைன் ஃபைல் காப்பி ஆகறது நொடிக்கு 11 எம்பி, அதுக்கு மேல நகர மாட்டேங்குது. "சர்வர் பழசுங்க, மாத்திருங்க"ன்னு மெர்ச்சண்டைசர்ல இருந்து டீ கொண்டார்ற பையன் வரைக்கும் யோசனை. மூணு தடவ ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, ஆன்டிவைரஸையும் நிறுத்திப் பாத்தாச்சு. அந்த 11-ஐப் பாத்ததுமே எனக்குப் பொறி தட்டியிருக்கோணும்: நெட்வொர்க் லிங்க் 1000-க்குப் பதிலா 100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேந்தாத்தான் ஒரு பைட், அதனால 11, 12 எம்பிக்கு மேல வராது) நிக்குது! கிகாபிட்டுக்கு, அதாவது அந்த 1000-க்கு, கேபிள்ல எட்டுக் கம்பியும் வேணுமுங்க. நூறுக்கு நாலே போதும், அதனால மிச்சம் அறுந்தாலும் சத்தமில்லாம ஓடிட்டே கெடக்கும். தேடிப் பாத்தா, கேபிள் மேலயே பீரோ கால்! யாரு நவுத்துனதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாதாமா.