மறைக்க வேண்டியது மூலையில் இல்லை
மதுரைத் தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்த படத்தின் மூலையில் தெரியும் அடையாளக் குறியை மங்கலாக்கினால் எந்தத் தியேட்டர் என்று தெரியாது என ஒரு கட்டுரை சொல்கிறது; அது பிலிம் காலத்துக் கதை. அன்று பிலிம் பிரிண்டில் எந்தப் பிரதி என்று காட்டும் புள்ளிகள் இருந்தன, மறைத்தால் தீர்ந்தது. இப்போது டிசிஐ முறையில் (ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வகுத்த டிஜிட்டல் திரையிடல் தரம்) ஓடும் திரைகளில், காட்சி ஓடும்போதே 35 பிட் குறியீடு படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும்: தேதி நேரத்துக்கு 16 பிட், எந்தத் திரை என்பதற்கு 19. ஐந்து நிமிடத்துக்குள் முழுக் குறியீடும் வந்துவிடும், ஆனால் உறுதியாகச் சொல்ல அரைமணி நேரக் காட்சி வேண்டும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'தியேட்டரைப் பிடித்தால் போதுமே' என்கிறார். அங்கேதான் சிக்கல். கும்பல்கள் படத்தை ஒரு ஊரிலும் ஒலியை இன்னொரு ஊரிலும் எடுத்து ஒட்டுவார்கள். ஒலியிலும் தனிக் குறியீடு உண்டு. இரண்டையும் பார்க்காமல் மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஓடினால், ஒலி எடுத்தவன் தேனியில் நிம்மதியாகத் தூங்குவான்.