கூடுதல் ஒரு மணி நேரத்தில் யார் மார்க் குறைந்தது?

நேற்று பேரன்ட்ஸ் குரூப்பில் நடந்ததைப் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சையில் தரும் கூடுதல் நேரத்தையும், சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆளையும் (ஸ்க்ரைப்) பற்றி ஒருவர் போட்ட மெசேஜ் இது: "எக்ஸ்ட்ரா டைம், ஸ்க்ரைப் எல்லாம் வாங்கிக்கிட்டு எடுக்கிற மார்க்கும் எங்க பிள்ளைங்க மார்க்கும் ஒண்ணா?" அதற்குக் கைதட்டியவர்கள் 14 பேர். எண்ணினேன். ராத்திரி தூக்கமில்லை.

யார் மார்க்கும் குறையவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு. பாடத்தை நான் வாசித்துக் காட்டினால் இரண்டு நாள் கழித்தும் பிசகாமல் சொல்வான். அவனே வாசித்தால் ப-வும் ம-வும் குழம்பும், கொம்பும் காலும் இடம் மாறும். அந்தக் கூடுதல் நேரம் கேள்வித்தாளைக் கூட்டி வாசிக்கத்தான். விடையை யாரும் சொல்லித் தருவதில்லை.

"சர்டிபிகேட் வாங்கி ஏமாத்துறாங்க" என்றார் ஒருவர். ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். நாங்கள் அரசு ஆஸ்பத்திரி வராண்டாவில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம் என்பது எனக்குத் தெரியும்.

தயவுசெய்து சலுகை என்று சொல்லாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை என்கிறது பிரிவு 16. கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் பிரிவு 17-இல் இருக்கிறது. என் மகன் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை டைரியில் எழுதி அனுப்பியது "கவனம் போதாது" என்று மட்டும்தான். நானும் நம்பினேன். அடித்திருக்கிறேன். அந்தக் கையை இன்றைக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"வாழ்க்கை எக்ஸ்ட்ரா டைம் தருமா?" என்று கேட்பீர்கள். என் தம்பிக்குத் தரவில்லை. டிக்டேஷனில் தப்பு விட்டால் விரல் முட்டியில் ஸ்கேல். எட்டாவதோடு நின்றுவிட்டான். 1995-இன் பழைய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தது ஏழே வகை, அதில் கற்றல் குறைபாடு இல்லை. அவனுக்கு "மக்கு" என்ற பெயர்தான் கிடைத்தது. சத்தத்தைக் கேட்டே மோட்டாரில் என்ன கோளாறென்று சொல்வான். பேங்க் ஃபாரத்தை மகளிடம் நீட்டுவான். போன மாசம் வந்தவன், என் மகன் பரீட்சைக்கு ஸ்க்ரைப் வைத்த கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் இதானாக்கா இருந்துச்சு?" என்றான். நாற்பது தாண்டியவன். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மெசேஜ் போட்டவருக்கு ஒன்று. இன்று காலை என் போனில் அதை என் மகன் வாசித்துவிட்டான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசி வரைக்கும். அதை அழித்துவிடுங்கள்.