அங்கே சரிபண்ணிட்டு இங்கே வாங்க

போன வாரம் ஒரு பொதுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசினேன். அடுத்த ஆண்டுக்கான சுகாதார நிதியை எப்படிப் பிரிப்பது என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. மனநலமும் போதைப் பழக்கமும் ஒரே தலைப்பில் பட்டியலில் இருந்தன. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் விழிப்புணர்வு வேண்டும் என்றார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் விழிப்புணர்வுக்குக் குறை இருந்ததே இல்லை. அண்ணனுக்கு என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கூட்டிக்கொண்டு போனால் சேர்த்துக்கொள்ள ஓர் இடம்தான் கிடைக்கவில்லை.

மூன்று நிமிடத்தில் பாதியைக் குரல் நடுங்கியே தீர்த்துவிட்டேன். சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணனுக்கு பைபோலார் நோய், மனசு சில நாள் உச்சத்துக்கும் சில நாள் ஆழமான சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய். அது தெரியவருவதற்குள்ளேயே குடி வந்துவிட்டது. தூக்கம் வராத இரவுகளைக் கடத்தத்தான் முதலில் குடித்தான். குடித்ததால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் குடித்தானா என்று அம்மா பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். "முதல்ல குடியை நிறுத்தட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். சரி என்று போதை மீட்பு மையத்துக்குப் போனோம். "மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவங்களை நாங்க எடுக்கறதில்லை, அங்கே சரிபண்ணிட்டு இங்கே வாங்க" என்றார்கள். இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் எங்களுக்கு 14 மாதம் போனது.

அந்த மாதங்களில் ஒருநாள் அவனே முடிவெடுத்து நிறுத்தினான். வீட்டிலேயே, ஒரு சொட்டுக்கூடத் தொடாமல். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இரண்டாம் நாள் காலையில் குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தான்.

பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மதுவின் அமுக்கத்துக்குப் பழகிப்போன மூளை, அது நின்றதும் கட்டுப்பாடு இல்லாமல் கிளர்ந்தெழுகிறது. வலிப்பு பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறது. இரண்டு, மூன்று நாள் கழித்துச் சிலருக்குக் கடும் குழப்பம், காய்ச்சல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் அதில் சாகிறவர்கள் உண்டு. முறையான மருந்தும் கண்காணிப்பும் இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். "குடியை நிறுத்திட்டு வாங்க" என்று எங்களை அனுப்பியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எது முதலில் வந்தது என்ற கேள்விக்கு விடை தேடிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. மது தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வை ஆழமாக்கும். மனச்சோர்வு மறுபடியும் மதுவிடம் தள்ளும். இரண்டையும் ஒரே குழு, ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1980களின் கடைசியிலேயே செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2017-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரண்டு நோயும் உள்ளவரைக் கவனிப்பது எல்லோருடைய வேலையும்தான், அவர் எந்தக் கதவைத் தட்டினாலும் அது தப்பான கதவு ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. படித்தபோது, இதை எங்கள் வீட்டைப் பார்த்து எழுதினார்களோ என்று தோன்றியது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் இன்னும் இரண்டு வரிசை? நான் விசாரித்துப் புரிந்துகொண்டவரை, பணம் இரண்டு குழாய்களில் வருகிறது. இரண்டு பிரிவு, இரண்டு பதிவேடு, இரண்டு கணக்கு. சிக்கலான நோயாளியை அடுத்த கதவுக்கு அனுப்பிவிட்டால் இந்தக் கதவின் கணக்கு அழகாக இருக்கும். வாசலில் எங்களைத் திருப்பி அனுப்பிய ஊழியர் கெட்டவர் இல்லை, அவரிடம் கொடுத்திருந்த படிவத்தில் எங்களுக்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் மருத்துவ மாநாட்டைவிட நிதி ஒதுக்கும் கூட்டத்தில் இதைப் பேசுவது முக்கியம் என்று நினைக்கிறேன். படிவத்தை மாற்றுகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் பேசினால் மாறுமா என்று கேட்பவர்களுக்குக் கனடாவின் வான்கூவரைச் சொல்வேன். 1990களில் அங்கே போதை ஊசியால் வரிசையாகச் சாவுகள். 1997-இல் இறந்தவர்களின் நினைவாக ஓபன்ஹைமர் பூங்காவில் ஆயிரம் சிலுவைகளை நட்டார்கள். அதில் முன்னால் நின்ற பட் ஆஸ்பர்ன் என்ற கவிஞர், ஹெராயின் பழக்கத்தோடு வாழ்ந்தவர். போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களே ஒரு சங்கம் அமைத்தார்கள். நகர மன்றத்துக்குப் போய்ப் போய்ப் பேசினார்கள். 2003-இல் செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் மையம் ஒன்று திறந்தது. மத்திய அரசு அதை மூடப் பார்த்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2011-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக மையத்தின் பக்கம் நின்றார்கள். மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவுக்கு மீறிப் போதைப்பொருள் எடுத்ததால் வரும் சாவுகள் 35 சதவீதம் குறைந்ததாக அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. அப்படி ஒரு மையம் எல்லா ஊருக்கும் வேண்டுமா என்பது தனி விவாதம். யாரை மன்றத்துக்குள்ளேயே விடக் கூடாது என்று பலர் நினைத்தார்களோ, அவர்கள் பேசித்தான் அது நடந்தது.

இன்னொன்று, டிஸ்சார்ஜுக்குப் பிறகான நாட்கள். இதைப் பற்றிக் கூட்டத்தில் யாருமே பேசவில்லை, நானும் விட்டுவிட்டேன். மனநலப் பிரிவிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். ஹெராயின் போன்றவற்றை நிறுத்தி வந்தவருக்கு உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும், மனசு தவறிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அதாவது "நல்லபடியா முடிச்சிட்டு வந்துட்டான்" என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற வாரம்தான் மிக ஆபத்தான வாரம். அண்ணனை அனுப்பியபோது எங்களுக்குக் கொடுத்த அடுத்த தேதி ஆறு வாரம் தள்ளி இருந்தது. நடுவில் ஒரு போன்கூட வரவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, எங்கள் தெருவில் மனநல, போதை சிகிச்சை மையம் எதுவும் வேண்டாம், பிள்ளைகள் நடமாடும் இடம் என்றார். சிலர் சத்தம் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் பயம் நிஜமானது. வெளியே வந்ததும் அவரிடம் போய், ஐயா, மையம் இல்லாவிட்டாலும் நாங்கள் அதே தெருவில்தான் இருக்கிறோம், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையில் இருந்தவர்களே குடிகாரன், பைத்தியம் என்று சாதாரணமாகப் பேசினார்கள். என் அண்ணன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இரண்டு பிரிவும் சேர்ந்து நடத்தும் ஒரு நாள், வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும், ஒரே பதிவேட்டில். குடியை நிறுத்தச் சொல்லி அனுப்பும் முன் பாதுகாப்பாக நிறுத்துவது எப்படி என்று சொல்லியே அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனவரை ஒரு வாரத்துக்குள் யாராவது கூப்பிட்டுப் பேச வேண்டும். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் 2023-இல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அவை பொது மருந்தகத்தில் இருக்கின்றனவா என்றும் கேட்பேன். முடிவெடுக்கும் குழுவில் இந்த நோயோடு வாழ்ந்த இரண்டு பேருக்காவது, வாக்களிக்கும் உரிமையோடு, இடம் வேண்டும்.

இரண்டு வரிசையிலும் நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை மாதம் அலைந்தீர்கள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு அடுத்த தேதி எத்தனை நாள் கழித்துக் கிடைத்தது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்கள் போதும். மனுவோடு இணைக்கிறேன். இந்த முறை என் மூன்று நிமிடத்தை அண்ணன் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான், அவனே பேசுவதாகச் சொல்கிறான்.