சும்மா வந்தவனுக்குப் பரீட்சை எதற்காம்?

மூன்று நாளாக வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். நேற்று இரவு என்னைத் திட்டி எழுதிய அந்தப் பதிவு சுற்றிச் சுற்றி என் வீட்டுக்காரி போனுக்கே வந்துவிட்டது. அதற்கு மேலும் பொறுத்துக்கொள்ள நான் மகான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். வீடியோவையும் பார்த்திருப்பீர்கள், மூன்று இடத்தில் வெட்டி ஒட்டிய அந்த வீடியோவை. நம் தன்னார்வ மீட்புக் குழுவில் பதினான்கு வருடமாகப் படகில் வருகிற ஒருவருக்கு, படகு ஓட்டும் தேர்வில் மதிப்பீட்டாளர் தாளில் கையெழுத்துப் போடவில்லை. "சும்மா சேவை செய்ய வந்த மனிதருக்குப் பரீட்சை வைத்து அவமானப்படுத்தினான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'அவன்' நான்தான். வணக்கம்.

வெட்டிய இடத்தில் இருந்தது இதுதான். படகை எடுக்கும்போது அவர் கில் கார்டை மாட்டவில்லை. ஓட்டுகிறவர் காலில் மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிறு. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். ஞாபகப்படுத்தினேன். "எனக்கா?" என்று சிரித்தார். அப்புறம் தண்ணீரில் விழுந்த ஆளுக்குப் பதிலாக மிதக்கவிட்ட பொம்மையைத் தூக்க வந்தார். பொம்மை படகை உரசிக்கொண்டு கிடக்கிறது, கியர் இன்னும் நியூட்ரலுக்கு வரவில்லை, ப்ரொப்பல்லர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொம்மைதானே.

"அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்த்துக்கலாம் அண்ணே" என்றேன். இதுதான் நான் செய்த அவமானம்.

ஒரு கயிற்றுக்கா இத்தனை அலட்டல் என்கிறவர்களுக்கு: 2013-இல் இங்கிலாந்தில் பேட்ஸ்டோ அருகே ஒரு வேகப்படகு திரும்பிய திருப்பில், அதிலிருந்த ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஒரே குடும்பம். கில் கார்டு மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்களையே அடித்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒரு கயிறுதான்.

சும்மா செய்கிறோம், சும்மா செய்கிறோம் என்று நூறு பேர் கமெண்டில் எழுதிவிட்டீர்கள். இரத்த தானம்கூடச் சும்மாதான் கொடுக்கிறோம். அதற்காகச் சோதிக்காமல் அப்படியே ஏற்றிவிடுகிறார்களா? சோதிக்கிறேன் என்று சொன்னால் கொடுத்தவரை அவமானப்படுத்தியதாகவா அர்த்தம்?

என் கதையைச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் சேர்ந்த புதிது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் தண்ணீரில் கிடந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். நல்ல நினைவோடு இருந்தார், எங்களைப் பார்த்ததும் பேசினார். நானும் என் நண்பனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, அப்படியே செங்குத்தாக இழுத்துப் படகில் போட்டோம். போட்ட நிமிடமே கண் செருகி விழுந்துவிட்டார். எப்படியோ பிழைத்துக்கொண்டார். கரையில் எங்களுக்குக் கைதட்டல், போட்டோ எல்லாம். இரண்டு வருடம் அந்தக் கைதட்டலிலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு வகுப்பில் பயிற்சியாளர் சொல்கிறார்: நெடுநேரம் தண்ணீரில் இருந்தவரைக் கூடியமட்டும் படுக்கைவாக்கில் தூக்க வேண்டும். அதுவரை தண்ணீரின் அழுத்தம் உடம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும். செங்குத்தாக வெளியே இழுத்தால் அந்தப் பிடி சட்டென்று விட்டுப்போய், ரத்தம் காலுக்கு இறங்கும், ரத்த அழுத்தம் சரியும், இதயமே நின்றுபோகலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது. இதயம் நிறைய அன்போடுதான் அந்த மனிதரைத் தூக்கினேன். கொல்லப் பார்த்திருக்கிறேன்.

இதை அனுபவம் எனக்குச் சொல்லித் தரவில்லை. எப்படிச் சொல்லித் தரும்? அனுபவம் என்னைக் கைதட்டிப் பாராட்டியது.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் எந்தச் சான்றிதழோடு போனார்கள்?" இந்தக் கமெண்டுக்குத்தான் அதிக லைக். அவர்கள் சின்ன வயதிலிருந்து படகிலேயே வளர்ந்தவர்கள் ஐயா. தினமும் அலையோடு மல்லுக்கட்டிச் சாப்பிடுகிறவர்கள். அதைவிட நீண்ட பயிற்சி எங்கே இருக்கிறது? விடுமுறை நாளில் மட்டும் தண்ணீரைப் பார்க்கிற நாம் அவர்கள் பெயரைச் சொல்லி விலக்குக் கேட்கிறோம். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

"இப்படிக் கெடுபிடி செய்தால் தன்னார்வலர்கள் ஓடிப்போவார்கள்." பிரிட்டனில் 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்பு அமைப்பு இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்துத்தான் ஓடுகிறது. அங்கே சேருகிறவர்களில் பலர் அதற்கு முன்பு கடல் வேலையே பார்க்காதவர்கள். அவர்களைப் பூல் நகரில் உள்ள பயிற்சிக் கல்லூரிக்கு அழைத்துப்போய், செயற்கை அலை அடிக்கிற குளத்தில் இறக்குகிறார்கள், கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து வெளியே வரச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் துணைப்படை 1939-இலிருந்து இருக்கிறது. அதுவும் சம்பளமில்லாத வேலைதான். படகில் ஏற ஒரு தகுதி, படகை நடத்த வேறொரு தகுதி, பரிசோதகரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக்காட்ட வேண்டும், அதோடு முடியாமல் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ளவும் வேண்டும். யாரும் ஓடிப்போகவில்லை. நம்முடைய ரோஷத்துக்குத்தான் கால் முளைக்கிறது.

"காகிதமா காப்பாற்றும்?" காப்பாற்றாது. ரேடியோவில் அவசர அழைப்புக்கான சேனல் 16-ஐப் பிடித்து, உயிர் ஆபத்து என்று அறிவிக்கும் 'மேடே' என்ற சொல்லை மூன்று தடவை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை விடத் தெரிந்தவர் காப்பாற்றுவார். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கதை பேசினால், பக்கத்தில் மூழ்கிக்கொண்டிருக்கிற வேறொருவரால் அந்தச் சேனலில் கூப்பிடக்கூட முடியாது. மூழ்கி மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முன் முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஐந்து முறை. நம் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று இன்னமும் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

நேரம் போகிறது, கைக்காசு போகிறது என்கிறீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் போகிறது. என் மகளின் இரண்டு பிறந்தநாளில் நான் இரவு நேரத் தேடல் பயிற்சியில் இருந்தேன். மதிப்பீட்டாளர் ஆவதற்கு நானும் இரண்டு தடவை தோற்றேன். அப்போது எனக்காக யாரும் வீடியோ போடவில்லை.

'பதவித் திமிர்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன பதவி? ஒரு விசிலும் ஒரு கிளிப் போர்டும் கொடுத்திருக்கிறார்கள். கிளிப் போர்டு என் சொந்தக் காசு.

சம்பந்தப்பட்ட அண்ணன் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. "ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் நேற்றுக் காலை மெசேஜ் போட்டிருந்தார். அவருக்காகப் பொங்கியவர்கள் யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. இரவு ஒரு மணிக்கு அந்தப் பதிவின் லைக் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தேன். மகான் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே. அன்று அந்த மனிதரின் இன்னொரு கையைப் பிடித்துத் தூக்கிய என் நண்பனின் பெயரும் அதில் இருந்தது. அந்த வகுப்பில் அவனும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.