விடியக்காலை தலைவலிய பித்தம்னு விட்றாதீங்க

ஜூன் 8 உலக மூளைக்கட்டி தினத்துக்கு காலேஜ் பசங்க தெருத்தெருவா நோட்டீஸ் குடுத்து, ஒரு குழந்தையோட ஆபரேஷனுக்கு உண்டியல் வச்சு காசு சேர்த்தாங்கன்னு படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. 2000ல ஜெர்மனில ஆரம்பிச்ச நாள் இது, நம்ம ஊர்ல இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்க அக்காவுக்கு தினமும் எந்திரிக்கும்போதே தலைவலி, வாந்தி எடுத்தா கொஞ்சம் குறையும், நாங்க பித்தம்னு இஞ்சிச்சாறு குடுத்தோம், பார்வை மங்குதுன்னு ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினோம், ஆறு மாசம் இப்படியே போயி ஒருநாள் அடுப்படில ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டா. அப்பவும் கையில சாவிக்கொத்தத்தான் திணிச்சோம், ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியல. எம்ஆர்ஐ எடுத்தப்பறம்தான் கட்டின்னே தெரிஞ்சுது.

ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல முடிஞ்சுது. ஆனா பஸ் செலவு, மாத்திரை, வேலைக்குப் போகாத மூணு மாச வாடகை? அதுக்கு எங்க தெரு மகளிர் குழு அக்காங்கதான் ஒரு எவர்சில்வர் டப்பாவோட வீடு வீடா போனாங்க, பூக்காரம்மா கூட 20 ரூபா போட்டாங்க, அத மறக்கவே முடியாது.

தம்பிங்களா, அடுத்த வருஷம் நோட்டீஸ மெடிக்கல் ஷாப்லயும் கண்ணாடிக் கடைலயும் அவசியம் ஒட்டுங்கப்பா, நாங்க முதல்ல போய் நின்னது அங்கதான்.